ஷூ போட்டு நின்றவர்

அன்பு மகளுக்கு,

நம் தக்லோபான் நகரைப் புயல் அழித்ததிலிருந்து மழை பெய்தாலே எனக்கு மூச்சு முட்டும். அதற்காகத்தான் மனநல டாக்டர் லிகாயாவிடம் போகிறேன். அன்றைய வெள்ளத்தை நினைத்தபடி, அவள் அசைக்கும் விரல்களை என் கண்கள் தொடர வேண்டும்; அதுதான் சிகிச்சை.

"தலைய ஆட்டாதீங்க மேடம், கண்ணு மட்டும்."

"கண்ண உருட்டினா எங்க கான்வென்ட்ல முட்டி போட வைப்பாங்க."

சிரித்துக்கொண்டே விரலை அசைத்தாள். வாரத்துக்கு வாரம் நினைவில் வெள்ளம் வடிந்து, உன் அப்பா தெரிந்தார். ஷூ போட்டு, பையோடு கதவருகே நின்றார்.

அவர்தான் வீட்டை விட்டு வர மறுத்தார் என்று உன்னிடம் சொன்னேன். புயல் முகாமான பள்ளிக்கூடத் தரையில் ஊராரோடு படுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

இப்போது மழையில் மூச்சு வருகிறது. பொய்தான் அடைக்கிறது.

அந்தப் பொய்யை நம்பிய கோபத்தில் நீ அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியதே இல்லை. எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, கெஞ்சுகிறேன். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு வா. என்னிடம் பேச வேண்டாம். அவருக்கு ஏற்று.

உன் அம்மா