அம்மா கொடுத்த இரண்டு சீப்புகள்

அக்காவுக்கு,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சீப்பு விஷயமாகத்தான், வேறொன்றுமில்லை.

நான் இப்போது ஒரு பழம்பொருள் கடையில் இருக்கிறேன். பழைய சீப்பு, சவரக்கத்தி எல்லாம் வரும். நிஜத் தந்தமா, போலியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நேற்று கை சும்மா இருக்காமல், அம்மா கொடுத்த சீப்பை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். தந்தம் என்றால் கோடுகள் வலை மாதிரி பின்னியிருக்கும். இதில் ரூல் போட்ட நோட்டு மாதிரி நேர்நேராக ஓடுகின்றன. கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை! சுத்த செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன் தெரியுமா? நம் இருவருக்கும் ஒரே மாதிரி சீப்பைக் கொடுத்த அன்று, அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் காதில் சொன்னாள்: "உன்னோடதுதான்டி நிஜத் தந்தம். அக்காவோடது பிளாஸ்டிக். அவகிட்ட மூச்சு விடாதே."

மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து உன் முகத்தைப் பார்க்கவே கூசியது. வருவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தியே விட்டேன். இப்போது யோசித்தால், நீயும்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் சீப்பையும் தேய்த்துப் பார். ஊசியைச் சுடவைத்துக் குத்திவிடாதே. போலியாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும், நீயோ அவசரக்காரி.

வாசனையை அப்புறம் சொல். அம்மாவைக் கேட்க இனி வழியில்லை, அதனால் உன்னைக் கேட்கிறேன்: அன்று உன்னையும் தனியாகக் கூப்பிட்டாளா?

இன்னும் உன் தங்கைதான்