அரிசிப் பானைக்குள்ள இருந்த ஆதார் கார்டு

உங்களுக்குத்தான்,

ஆதார் கார்டை எடுத்துட்டேன். ஒளிச்சு வைக்கணும்னா, தினம் சோறு பொங்குதவ கை போகாத இடமாப் பாத்து வைக்கணும். அரிசிப் பானைக்குள்ளயா வைப்பிய?

சோறும் கத்திரிக்கா குழம்பும் மூடி வச்சிருக்கு. வெளிய கிளம்புனா சாவியைப் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்காகிட்ட குடுங்க.

கொரோனா ஊசி போடத்தான் போறேன். "ஏட்டி, மூச்சு இளைப்பை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு நேத்து அந்தக் கத்து கத்துனிய. டாக்டரம்மாகிட்ட இளைப்பைச் சொல்லியே கேட்டுட்டேன். போடலாம், ரெண்டு நாளு காய்ச்சலும் கைவலியும் வரும்னு சொன்னாவ. வரட்டும். தறி செட்டுல என்கூட வேலை பாக்குத பதினெட்டுப் பேரு, "இளைப்புக்காரி ஆவுடையே போட்டா நாங்களும் போடுதோம்"னு நிக்காளுவ. போன மாசம் கொரோனா வந்து மூச்சு முட்டிச் செத்தாளே செல்வி, அவளும் எங்க செட்டுதான்.

எனக்குக் காய்ச்சல் வந்தா யாருகிட்டயும் மறைக்காதிய. வந்துச்சு, சரியாயிட்டுன்னு ரெண்டையும் சொல்லுங்க. மறைச்சது தெரிஞ்சா ஒருத்தியும் கையை நீட்டமாட்டா.

ஆவுடைத்தாய்

என் தலையணைக்கு அடியில, நோவு தீரப் பூசுத கோயில் புத்துமண்ணு இருந்துச்சு. அவ்வளவு சண்டைக்கு அப்புறமும் வச்சிருக்கிய. நெத்தியில பூசிக்கிட்டேன். ஊசி போட்ட கையில பூசமாட்டேன். அப்புறம் எல்லாரும் மண்ணு மட்டும் போதும்பாளுவ.

இன்னொண்ணு. பானைக்குள்ள உங்க கார்டும் இருந்துச்சு, அதையும் கொண்டு போறேன். ஊசி போடுத லிஸ்டுல எனக்கு அடுத்த பேரு உங்க பேருதான். பதினோரு மணிக்குக் கூப்பிடுவாவ. நீங்க வாரியளான்னு நான் வாசலைப் பாக்கமாட்டேன். அந்தப் பதினெட்டுப் பேரும் பாப்பாளுவ.