நீ இன்னும் நடக்க வேண்டாம்

டிசம்பர் 3

என் கணவரின் அண்ணனான பெரியவர் வீட்டில் தெற்கு ஜன்னல் அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். புதுக் கம்பளம் விரித்து, தொட்டிலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். சொன்னவள் எதிர்வீட்டு அயிம்கான். சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுத்ததே அவள்தான், அதனால் சந்தேகப்பட இடமில்லை. "உனக்குச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் கதவருகே கிடந்த தன் ரப்பர் காலணியைத் தேட ஆரம்பித்தாள்.

என் மகள் ஐதுர்கன் பிறந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

டிசம்பர் 4

என் கணவர் குபாத் பிஷ்கெக்கிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு இருட்டும் நேரத்தில் வந்தார். சூப்பை வைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, வந்தது.

போன கோடையில், நான் வயிற்றோடு வீட்டில் இருந்தபோது, மேய்ச்சல் மலையில் ஆடு வெட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் பெரியவர் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்லியிருக்கிறார்: மழை பெய்யட்டும், மந்தை பெருகட்டும், தம்பியின் முதல் குழந்தை என் கூரைக்குக் கீழே சிரிக்கட்டும். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் தடவி, அப்படியே ஆகட்டும் என்று 'ஓமின்' சொன்னார்கள். குபாத்தும் சொல்லியிருக்கிறார்.

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். நான் கறியைப் பார்த்துட்டு இருந்தேன் புருல்."

கறியைப் பார்த்துக்கொண்டு என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கேட்காமல் சொன்ன ஓமின் ஓமினா? அவரிடம் கேட்டேன். ஓமின் ஓமின்தானே என்கிறார். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பல வருடம், பிள்ளை இல்லை. தம்பி கொடுப்பது இங்கே புதிதில்லை, என் பெரியப்பா மகனே அப்படி வளர்ந்தவன்தான். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன?

எப்போது என்றேன். "நடக்க ஆரம்பிச்சதும். கால் ரெண்டையும் நூலால கட்டி வெட்டுற சடங்கு அன்னைக்கு. அதுவரைக்கும் உன்கிட்டதான்." பெரிய சலுகை கொடுப்பது போலச் சொன்னார்.

பெரியவரின் பெயரை வீட்டுக்கு வந்த மருமகள் வாயால் சொல்லக்கூடாது. வாயால்தானே. எழுதுகிறேன்: சபர். சபர். சபர்.

ஜனவரி 11

சிரித்தாள். என்னைப் பார்த்து. இதற்கு நானே சாட்சி.

பிப்ரவரி 2

பத்திரிகையிலிருந்து ஆசிரியர் ஆள் அனுப்பியிருந்தார். மார்ச்சில் வரவில்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வாராம். கொச்கோர் மாவட்டம் முழுவதற்கும் இருக்கும் ஒரே பத்திரிகைக்கு இருக்கும் ஒரே நிருபர் நான். வேறு ஆள் எங்கே இருக்கிறது? இருந்தாலும் பயமாக இருக்கிறது. குபாத்தின் வேன் மாதத்தில் பாதி நாள் பட்டறையில் நிற்கிறது.

குழந்தையை யார் பார்ப்பது? குபாத் பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுக்கவில்லை: "ஜுமாகான் அண்ணி இருக்காங்களே."

ஆமாம், என் ஓரகத்தி இருக்கிறாள். சுண்ணாம்பு அடித்த அறையோடு இருக்கிறாள்.

மார்ச் 6

முதல் நாள். தூக்கிக் கொடுத்தபோது ஜுமாகான் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

மதியம் பால் கொடுக்கப் போனபோது குழந்தையின் வாயில் ஆட்டு வால் கொழுப்புத் துண்டு, நூலில் கட்டி. பிடுங்கினேன். மருத்துவமனையில் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"நீயும் உன் புருஷனும் இதைச் சப்பித்தான் வளந்தீங்க," என்றாள். "அதான் அவரு இப்படி இருக்காரு," என்றேன். சிரிப்பை அடக்கத் தெரியாமல் முக்காட்டு முனையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 19

முதல் பல். கீழே, இடப்பக்கம். பார்த்தவள் ஜுமாகான் அக்கா. முதலில் பார்த்தவர் பரிசு கொடுக்க வேண்டும் என்று ஒரு வெள்ளிப் பொத்தானைக் குழந்தையின் சட்டையில் தைத்திருக்கிறாள். நான் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கடித்தாள். உறுதியானது.

மே 14

பெரியவர் மந்தையோடு மலைக்கு ஏறிவிட்டார். ஜுமாகான் அக்கா வழக்கமாகக் கூடப் போகிறவள். பால் கறக்க, வெண்ணெய் எடுக்க அவள் இல்லாமல் அவருக்கு ஆகாது. இந்த ஆண்டு குழந்தைக்காகக் கீழேயே இருக்கிறாள். ஊரே பேசுகிறது: பார், இப்போதே தாயாகிவிட்டாள். கடையில் ரொட்டி வாங்கப் போன என்னிடமே சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முன் பெரியவர் குதிரையிலிருந்து குனிந்து குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார். "நான் இறங்கி வர்றதுக்குள்ள ஓடணும் நீ," என்றார். நல்ல மனிதர். அதுதான் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

ஜூன் 27

தவழ்கிறாள். தகவல்: ஜுமாகான் அக்கா. நான் அந்த நேரத்தில் பாசனக் கால்வாய்த் தகராறில் இரண்டு கிழவர்கள் மாறி மாறிக் கத்துவதை எழுதிக்கொண்டிருந்தேன்.

என் மகளின் எல்லாச் செய்தியும் எனக்கு யாரோ சொல்லித்தான் வருகிறது. மற்றவர்கள் வீட்டில் நடந்ததை மட்டும்தான் நான் நேரில் பார்க்கிறேன்.

ஜூலை 20

'அபா' என்றாளாம். இங்கே எந்தக் குழந்தையும் அம்மாவைக் கூப்பிடும் சொல். யாரைப் பார்த்துச் சொன்னாள்?

கேட்டேன். ஜுமாகான் அக்கா மாவைப் பிசைந்துகொண்டே, "சும்மா சொன்னா, ஆட்டுக்குட்டியைப் பார்த்து," என்றாள்.

நம்பவில்லை. இரவு முழுக்க நம்பவில்லை.

ஜூலை 21

குபாத்திடம் கத்தினேன். அண்ணனிடம் போய்ச் சொல்லு, மாட்டேன்னு சொல்லு, ஒரே ஒரு வார்த்தை, உன் வாய்ல இருந்து தானே அந்த ஓமின் வந்துச்சு, அதே வாயால சொல்லு. அவர் அப்பா செத்தபிறகு அண்ணன்தான் தன்னைப் படிக்க வைத்ததாக மறுபடி சொன்னார். நூறு முறை கேட்ட கதை. படிக்க வைத்ததற்கு இவர் படித்திருந்தாலாவது பரவாயில்லை.

அடுத்தது நமக்குப் பிறக்குமே என்றார். என் பெயருக்கே 'திரும்பு' என்று பொருள். மகளாகப் பிறந்துவிட்டேன், அடுத்தது மகனாகத் திரும்பட்டும் என்று என் அப்பா வைத்தது. அடுத்ததற்கு வழிவிடப் பிறந்தவளுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரிய வேண்டாமா?

ஆகஸ்ட் 9

மேசைக் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். மற்ற அம்மாக்கள் கைதட்டுவார்கள். நான் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30

நடைவண்டி வாங்கி வந்தார் குபாத். கொட்டகையில் தூக்கிப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, மலையில் ஓமின் சொன்ன அந்த ஒரு நாளைத் தவிர.

செப்டம்பர் 18

நடந்தாள்.

அடுப்படியில், என் பக்கத்துக்கு, பீப்பாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு வந்தாள். பிடித்துக்கொண்டேன். உடனே உட்கார வைத்துவிட்டேன். எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தேன். நீ இன்னும் நடக்க வேண்டாம், கண்ணு. பனி விழட்டும். வசந்தம் வரட்டும்.

குபாத்திடம் சொல்லவில்லை. எவரிடமும் சொல்லவில்லை. தான் பெற்ற பிள்ளை நடந்ததை மறைக்கிற தாய் நான்.

செப்டம்பர் 22

அயிம்கான் பால் வாங்க வந்தவள் குழந்தையைப் பார்த்து, "இன்னும் என்ன தவழ்ந்துக்கிட்டு? அன்னைக்கு அங்க முற்றத்துல வாத்து மாதிரி நடந்தியே," என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

எந்த நாள்? போன வாரம், உருளைக்கிழங்கு தோண்டிய அன்று. அதாவது என் அடுப்படிக்கு நாலைந்து நாள் முன்பே. அயிம்கானை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கெஞ்சியிருக்கிறாள் ஜுமாகான் அக்கா. குரான் மேல் சத்தியம் கேட்டாளாம். அயிம்கான் தேநீர்க் கோப்பைமேல் செய்தாளாம், "அதான் நிக்கலை போல."

முதலில் கோபம்தான் வந்தது. முதல் நடையையும் எடுத்துக்கொண்டாளே என்று. மாட்டைக் கட்டி, பால் காய்ச்சி முடிக்கும் வரை அந்தக் கோபம் இருந்தது. பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அவள் ஏன் மறைக்க வேண்டும்? நடந்தால் குழந்தை அவளுக்கு அல்லவா?

செப்டம்பர் 23

போய்க் கேட்டேன். உருளைக்கிழங்கைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் எதையும் பார்க்கலை," என்றாள்.

"நானும் பார்க்கலை," என்றேன். "என் அடுப்படியிலயும் நடந்தா."

அப்போதுதான் நிமிர்ந்தாள். மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பேசியது முழுவதையும் எழுத முடியாது. முக்கியமானது இது.

"மத்தியானம் பூரா சிரிச்சிட்டுத்தான் இருப்பா. நாய் குரைச்சா போதும், வாசலைப் பார்ப்பா. நீ வர்ற நேரம்னு. நீ இல்லேன்னா மறுபடி விளையாடுவா, மறுபடி பார்ப்பா. இங்க வந்தா வாசலைப் பார்த்துக்கிட்டேதான் வளருவா புருல். அதை நான் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அப்படியென்றால் அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். இத்தனை மாதம். என் குரல் ஏறிவிட்டது.

"என்னை யாரு கேட்டாங்க? அந்த ஆசியை அவரு மலையில சொன்னப்ப நான் கூடாரத்துக்கு வெளிய குடல் கழுவிட்டு இருந்தேன். உன் புருஷன் ஓமினாவது சொன்னான். நான் அதுகூடச் சொல்லலை."

நானும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குழந்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக மூட்டையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 25

குபாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததை, இருவரும் மறைத்ததை. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தானே அண்ணனிடம் பேசுவதாகச் சொன்னார். ஜுமாகான் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பேசினா அவரு உனக்கு ஒரு ஆசி சொல்லுவாரு, நீ ஓமின் சொல்லிட்டு வருவ. நான் பேசிக்கிறேன்."

குபாத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

செப்டம்பர் 28

இன்றைய நிலை: நூல் வெட்ட நாள் குறிக்கவில்லை. மந்தை சனிக்கிழமை இறங்குகிறது, மலையிலிருந்து வந்த மேய்ப்பர் ஒருவர் சொன்னார். பெரியவர் வந்து குதிரையைக் கட்டி, ஒரு கோப்பை தேநீர் குடித்த பிறகு ஜுமாகான் அக்கா அவரிடம் சொல்வதாக இருக்கிறாள். அவர் என்ன சொல்வார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பதினாறு வருடம் கூட வாழ்ந்த அவளுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் குழந்தையைக் கொடுக்கும்போது வாசலில் நின்று சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ராத்திரி உன் வீட்டுல படுத்துக்கட்டுமா? சுண்ணாம்பு அடிச்ச அந்த ரூம் பக்கத்துல தனியா படுத்தா எனக்கு மனசு மாறிடும்."

வரச் சொல்லியிருக்கிறேன்.