ஒரு நூல் வெளிச்சம்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் ஷிரீனுக்கு அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் என் இடது முழங்காலைத் தவிர மற்றபடி சுகம், அங்கே நீயும் மருமகன் அத்னானும் அந்தக் கனடாக் குளிரில் இருமல் சளி அண்டாமல் இருக்க வேண்டுமென்று அஞ்சு வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் எம்.எஸ். படித்த மகளோடு வாயால் ஜெயிக்க முடியுமா. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், மடித்த இடத்தில் எழுத்து மங்கியிருந்தால் அவளைக் கேள், என்னைக் கேட்காதே.

பெருநாள் அன்று நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில். கடையைத் தனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த கேக் கடைக்காரருக்கு விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், இந்த வயதில் ஏணி ஏறி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றாய். நீ சொன்னதில் பொய் இல்லை. இப்போது கடைக்கு வருகிறவர்கள் ஜன்னலில் ஏற்றி இறக்கும் ஷேட் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், சங்கிலியை இழுத்துப் பார்க்கிறார்கள், உன் அம்மா கொடுத்தனுப்பும் டீயையும் குடிக்கிறார்கள், பிறகு போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் படுத்தபடியே போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து சங்கிலி அறுந்தாலோ அதைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச் வழுக்கினாலோ, பாய் இதுக்கு ஒரு பார்ட் இருக்குமா என்று அதே ஆள்தான் வந்து நிற்கிறான். நானும் வெட்கமில்லாமல் டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக் கொடுக்கிறேன். உன் அம்மா என்னை ஜன்னல் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்கிறாள். இதையெல்லாம் பார்த்து, நீ கேட்பதற்கு முன்பே, நானே கூட மனசுக்குள் கேக் கடைக்காரருக்குச் சரி சொல்லி வைத்திருந்தேன், உனக்குத் தெரியாது. நோன்பு ஆரம்பித்த வாரத்தில் சங்ககிரியிலிருந்து அமுதவல்லி என்று ஒரு அம்மா கடைக்கு வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவர். சோலாப்பூர் தாண்டி வண்டி கவிழ்ந்து தலையில் அடி. உயிர் தப்பிவிட்டார், ஆனால் வெளிச்சம் பட்டால் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி வலி. சில மாதம் நல்ல இருட்டில் இருக்கட்டும், அவராகவே வெளிச்சம் வேண்டும் என்று கேட்கிற அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அதுவரை வற்புறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் கடலைக்காய் மூட்டை அடுக்கும் அறை ஒன்றுதான், அதில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். முன்னறையில் ஹைவே பக்கம் பார்த்த பெரிய ஜன்னல். லாரிக்காரர் அல்லவா, முன்பெல்லாம் அங்கே படுத்தபடியே ஹாரனைக் கேட்டு இது இன்னார் வண்டி என்று சொல்வாராம். மூட்டை அறைக்குப் போனதிலிருந்து மனுஷன் பேச்சையே நிறுத்திவிட்டார். எத்தனை திரை போட்டாலும் ஓரத்தில் வெளிச்சம் வருகிறதே என்று அந்த அம்மாவின் அண்ணன் ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று கல்லும் மணலும் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். என் கடையில் நின்று அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூட்டையோட மூட்டையா மனுசனப் போட்டு வெச்சிருக்கறனுங்க பாய். சன்னல அடச்சுப்போட்டா, இவரு இனி எந்திரிக்க மாட்டாருன்னு நானே சொல்ற மாதிரி ஆயிருமுங்க."

இதைக் கேட்டு உன் அத்தா சும்மா இருப்பானா. வெளிச்சம் அறவே வராத தேன்கூடு ஷேட் இருக்கிறது, இரண்டு ஓரத்திலும் அலுமினியச் சேனல் வைத்து அதற்குள்ளேயே துணி ஏறி இறங்கும், நான் போட்டுத் தருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் சரக்கை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நமக்கு வழக்கமாகக் கொடுக்கும் கோயம்புத்தூர்க்காரர் அதைச் செய்வதில்லை என்றார், பெங்களூர் ஆள் எடுத்தால் நூறு ஜன்னலுக்கு எடு என்றார், கடைசியில் அகமதாபாத்தில் ஒரு பாக்டரி ஒற்றை ஜன்னலுக்கும் செய்து தருவதாகச் சொன்னது. பாய் என்றால் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் நினைக்கிறார்கள், என் ஹிந்தி உனக்குத் தெரியும், அங்கே போனை எடுத்த பெண் என்னோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ் கற்றுக்கொண்டிருக்கும். அளவெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், சரக்கும் வந்தது. நோன்போடு ஏணி ஏறி மாட்டினேன். மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தால், இடது ஓரத்தில் துணி சேனலை விட்டு வெளியே நிற்கிறது, மேலிருந்து கீழ் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வெயில்.

தப்பு யாருடையது என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், உன் அத்தாவுடையதுதான். நம் பக்கத்தில் ஆசாரியும் கொத்தனாரும் நானும் அளப்பது நூல் கணக்கு, அங்குலத்துக்கு எட்டு நூல். ஐம்பத்தெட்டு அங்குலம் ஏழு நூல் என்றால் 58.7 என்று புள்ளி வைத்து எழுதுவேன், கோயம்புத்தூர்க்காரர் இத்தனை வருஷமும் அதைச் சரியாகவே வெட்டிக் கொடுத்தார். அகமதாபாத்தில் நூலைக் கண்டார்களா, புள்ளி ஏழு என்பதைத் தசமம் என்று எடுத்து வெட்டிவிட்டார்கள். போனது ஒரு நூலும் கொஞ்சமும்தான், அதற்குள் ஒரு சூரியனே நுழைந்துவிட்டது. கறுப்பு டேப் ஒட்டிப் பார்த்தேன், மதிய வெயிலுக்கு உரிந்து தோரணம் மாதிரி தொங்கியது. அந்த அம்மாவின் அண்ணன் வாசலில் கிடந்த செங்கல்லை ஒரு பார்வை பார்த்தார், அதுவே போதும். அமுதவல்லி எனக்கு மோர் கொண்டுவந்து, நோன்பு என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, நோன்பு திறக்க என்று இரண்டு இளநீரை வண்டியில் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, இது நமக்கு ஆகாது, கேக் கடைக்காரருக்குப் போன் போடு என்றேன் உன் அம்மாவிடம். அவள் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, முதலில் அந்தப் பொம்பளைக்குச் சொன்ன வாக்கை முடியுங்கள், தோற்றுப்போய்க் கடையை மூடினால் கனடாவில் வந்தும் புலம்புவீர்கள், அதைக் கேட்க என்னால் ஆகாது என்றாள். சரிதானே. மறுநாளே மறுபடி அளக்கப் போனேன். இந்தத் தடவை எப்படி எழுதி அனுப்புவது, மில்லிமீட்டரில் போட்டால் அதில் என்ன தப்புச் செய்வேனோ என்று அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்ததை அமுதவல்லி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க பாய், தையக்காரரு அளவுச் சட்டைதானுங்க கேப்பாரு? சன்னல் அகலத்துக்கு ஒரு குச்சிய வெட்டி அனுப்புனா என்னங்க?" என்றார். இத்தனை வருஷம் ஜன்னல் அளந்தவனுக்கு இது தோன்றவில்லை பார். அங்கேயே தேக்கு ரீப்பர் சட்டம் ஒன்றை எடுத்து, ஜன்னலுக்குள் மேலே நடுவே கீழே மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்து, எங்கும் இடிக்காமல் எங்கும் ஆடாமல் நிற்கும்படி இழைத்துக் கொடுத்தேன்.

மாதேஸ்வரனின் லாரியைச் சரி செய்து இப்போது பூபதி என்ற டிரைவர் ஓட்டுகிறார். அவர் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் போகிற நடை அது. குச்சியைத் துண்டில் சுற்றி கேபினில் தன் தலைக்கு மேலே கட்டிக்கொண்டு போனார். வழியில் செக்போஸ்ட்டில் இது என்ன கம்பு, யாரை அடிக்க என்று கேட்டார்களாம், எங்க முதலாளியோட ஜன்னல் சார் என்று இவர் சொல்ல, அவர்கள் இவர் வாயை ஊதச் சொன்னார்களாம். பாக்டரியில் குச்சியை வைத்து வெட்டி, பூபதி கண் முன்னாலேயே சேனலில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஷேட்டைப் பார்சலில் போடாமல் அவரே கேபினில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

போன வியாழக்கிழமை மாட்டினேன். மேல் பிராக்கெட்டுக்கு என் கை எட்டவில்லை, என் உயரம் நீ அறிந்ததுதான், ஏணியோ மாதேஸ்வரன் உட்கார ஜன்னலோரம் புதிதாக இழுத்துப் போட்டிருந்த சோபாவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்றது. அந்த அம்மாவின் அண்ணன் வெளியே போய், வாசலில் கிடந்த செங்கல்லையே கொண்டுவந்து அடுக்கி, ஏறுங்க பாய் என்று பிடித்துக்கொண்டார். ஜன்னலை அடைக்க வந்த கல்லின் மேல் நின்றுதான் முடுக்கினேன். ஷேட்டை இறக்கிக் கதவைச் சாத்தினால் என் கையே எனக்குத் தெரியவில்லை. கண்ணில் துண்டு கட்டி மாதேஸ்வரனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். துண்டை அவிழ்த்தார்கள். நான் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி திக்ரு ஓதிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறேன். அப்போது பூபதி லோடு ஏற்றக் கிளம்பி ரோட்டில் ஹாரன் அடித்தார். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது, ஹாரன்ல ஒண்ணு கம்முது, பூபதிய அத மாத்தச் சொல்லு என்று. அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுவது இருட்டிலும் கேட்டது. மாதேஸ்வரன் அத்தோடு விடவில்லை. நான் பேச்சை மாற்றுவதற்காக, சங்கிலியை மெதுவாக இழுக்க வேண்டும், உள்ளே கிளட்ச் இருக்கிறது என்று சொன்னதும், சன்னலுக்குக் கிளட்ச்சாங்க பாய், அப்ப கியர் எத்தன என்று கேட்டார். லாரிக்காரர் பாரு. எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்து அடங்கியதும் அவரே மெல்லச் சொன்னார். "பாய், அடியில ஒரு நூலு தூக்கி உடுங்க. பாக்கலாம்."

அமுதவல்லி வேண்டாம் என்று என் கையைப் பிடித்தார், பிறகு டாக்டர் சொன்னது நினைவு வந்து அவரே விட்டுவிட்டார். சங்கிலியை மெல்ல இழுத்தேன். ஜன்னல் அடியில் ஒரு நூல் கனத்துக்கு வெளிச்சம் வந்து தரையில் விழுந்தது. மாதேஸ்வரன் தலையைத் திருப்பிக்கொண்டார், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார், பிறகு திரும்பி அதைப் பார்த்தார். நாம் மூன்று மூச்சு விடும் நேரம் இருக்கும். போதும் இறக்குங்க, நாளைக்கு மறுபடியும் பாக்கலாம் என்றார். நான் பாழாக்கியதும் அந்த ஒரு நூல்தான், அவர் கேட்டு வாங்கியதும் அந்த ஒரு நூல்தான் என்று பைக்கில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன், சீலநாயக்கன்பட்டியில் திரும்ப மறந்து வெகுதூரம் போய்த் திரும்பி வந்தேன்.

ஆகவே ஷிரீன், கேக் கடைக்காரருக்கு நேற்று நானே போய் இல்லை என்று சொல்லிவிட்டேன். மனுஷன் கோபப்படவில்லை, ஒரு பிளம் கேக் கொடுத்தார், நான் சர்க்கரைக்காரன் என்பதால் உன் அம்மாவே முழுதும் சாப்பிட்டாள். அந்த ஷேட் மேல் வரை ஏறி, மாதேஸ்வரன் அந்த ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்க்கிற அன்றைக்கு வரை கடையும் நானும் இங்கேதான். அதற்கப்புறம் வரச் சொன்னால் விருந்தாளியாக வருகிறோம், குடியிருக்க இல்லை. இதில் இனி பேச்சு வேண்டாம். ஏணியை உறுதியானதாகப் புதிதாக வாங்கிவிட்டேன், உனக்காகத்தான்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று லுஹர் தொழுகையை அஸர் தொழுகையோடு சேர்க்காதே. அத்னானைப் பனியில் வண்டி மெதுவாக ஓட்டச் சொல், மாமனார் சொன்னதாகச் சொல். உங்கள் ஊரில் கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கிறது, தூக்கமே இல்லை என்றாயே, படுக்கையறை ஜன்னல் அளவை அனுப்பு, அத்தா ஷேட் செய்து அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, எண்ணில் புள்ளி வைக்காதே. சந்தேகமிருந்தால் ஒரு குச்சியை வெட்டி அனுப்பு.

உங்கள் இருவர் வாழ்விலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரியட்டும், நீங்கள் கேட்கும் அளவுக்கு வெளிச்சத்தையும் தரட்டும், ஆமீன். உன் அம்மா ஷாஜாதி உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள், கூடவே நான் எழுதியதில் பாதி மிகைப்படுத்தல் என்றும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கடையை மூடாத உன் அத்தா
கரீம் பாஷா

மறந்துவிட்டேன், கடிதத்தை மடிக்கும்போது அமுதவல்லி போன் செய்தார். இன்றைக்கு இரண்டு நூல்.