இளவரசிக் கை

கீழத்தெரு,
14-10-1970

அன்புள்ள முருகையன் அண்ணனுக்கு,

வைரக்கண்ணு எழுதுவது. நம் தங்கச்சி செவ்வந்தி உயிரோடு இருக்கிறாள். திருவாரூர் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கிறாள். அம்மாவின் நெற்றிக் காயத்துக்குத் தையல் பிரித்தாயிற்று. இவற்றை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

உங்களுக்கு யார் என்ன எழுதினார்களோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன், தொடக்கம் என்னுடையது என்பதால்.

டூரிங் கொட்டகையில் ஒரு ராஜா ராணிப் படம் வந்தது. இளவரசியின் ரவிக்கையில் தோளில் புடைத்து முழங்கையில் இறுகும் பஃப் கை. அவள் முதுகு காட்டித் திரும்பும் காட்சி ஒன்றே ஒன்றுதான். அதற்காக நாலு தடவை போய், டிக்கெட்டின் பின்புறம் வரைந்துகொண்டு வந்தேன். தாராசுரம் கோயில் கல்லில் எந்த ராணிக்கும் ரவிக்கையே இல்லை என்பது வரலாறு படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் தைத்தேன். வயலில் குனிந்து நிமிர்பவள் போடுவதாயிற்றே என்று கையை இணைக்கிற இடத்தில் மட்டும் இரட்டைத் தையல் போட்டேன்.

செவ்வந்தி அதைப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போனாள். நானும் அம்மாவும் கூடப் போனோம். பண்ணைக் காரியக்காரர் தியாகராசன் வரப்பில் நின்று, "என்னடி, நாத்துப் பறிக்க வந்தியா, பட்டாபிஷேகத்துக்கு வந்தியா?" என்றார். இவள் சும்மா இருந்தாளா? "ராணின்னு தெரியுதுல்ல, வழிய விடுங்க" என்றாள். நாற்றங்காலில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன் அண்ணே. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"உங்க ஆத்தா ரவிக்கையே போட்டதில்ல, ஒனக்குக் கை கேக்குதா?" என்று இடது கைத்துணியைக் கொத்தாகப் பிடித்தார். பிய்த்து எறியத்தான் பிடித்தார். பிய்யவில்லை. வெறி ஏறி, அப்படியே அவளை இழுத்துக்கொண்டு நடந்தார். சேற்றிலிருந்து வரப்புக்கு, வரப்பிலிருந்து மதகுக் கல் வரைக்கும். மறு கையில் இருந்த, மாடு ஓட்டும் தார்க்குச்சியால் முதுகில் அடித்துக்கொண்டே போனார். மதகில் அவள் தோள் மோதி எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தடுக்கப் போன அம்மாவை, குச்சியைப் போட்டுவிட்டு அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து, அதன் காம்பால் நெற்றியில் அடித்தார். கூட நாற்றுப் பறித்த பொன்னுத்தாய் மதினி ஓடி வந்து அவர் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். ரவிக்கையின் முதுகுத் துணி கிழிந்த பிறகே அவர் பிடி விட்டது.

தையல் விட்டிருந்தால் அவள் முதல் இழுப்பிலேயே தப்பியிருப்பாள். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பண்ணை ஆட்கள் வந்து தையல் மெஷினை வாய்க்காலில் தூக்கிப் போட்டார்கள். எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து வைத்திருக்கிறேன். ஓடுகிறது. மதினியும் இன்னும் பதினோரு பேரும் அதே கை வைத்துத் தரச் சொல்கிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒற்றை நூலில். பிடித்து இழுத்தால் துணி மட்டும் வரும்.

வரப்பில் வழுக்கி விழுந்தாள் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வக்கீல் ஜெக்கரியா அந்த ரவிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தோளில் ஒரு தையல்கூட விடவில்லை, முதுகுதான் குறுக்கே கிழிந்திருக்கிறது. விழுந்தால் இப்படிக் கிழியுமா என்று கேட்டார். கிழியாது, கையைப் பிடித்து இழுத்தால்தான் கிழியும் என்றேன். இதைக் கோர்ட்டில் சொல்வாயா என்றார். காலேஜில் வருகைக்குப் பெயர் கூப்பிட்டாலே எனக்குக் குரல் எழும்பாது, உங்களுக்குத் தெரியும். சொல்கிறேன் என்றேன். இருபத்தெட்டாம் தேதி விசாரணை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. லீவு போட்டு வந்து அந்தக் கையை எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அந்த வரியை நான் படித்துக் காட்டவில்லை. நீங்கள் அரிவாளைத் தொட்டால் அன்றோடு வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். அப்புறம் அந்த ரவிக்கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

செவ்வந்தியின் இடது கை இனி தோளுக்கு மேல் எழாது என்கிறார் டாக்டர். தலை வழியாக மாட்ட வேண்டாதபடி, முன்பக்கம் பித்தான் வைத்து அவளுக்கு ஒன்று தைக்கிறேன். "கை அதே மாதிரி இருக்கணும், குறைச்சே, பாரு" என்று படுத்தபடியே மிரட்டுகிறாள்.

உங்களுக்கும் ஒரு சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். அளவு பழையதுதான். பொங்கலுக்கு வந்து போட்டுப் பாருங்கள். அதுவரை, அண்ணே, உங்கள் இரண்டு கைகளையும் எங்களுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள்.

தங்கை,
வைரக்கண்ணு