நம்பர் இல்லாத நாலு மலை

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, தேயிலை அரைக்கிற ஸ்டோரின் சங்கு ஊதியது. பாதித் தேத்தண்ணி அடுப்பில் கொட்டிவிட்டது. கொழுந்து மிஞ்சிப் போகிறதாம், இனி ஞாயிறும் மெஷின் ஓடுமாம், சங்கும் ஊதுமாம். லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி, "என்னக்கா, சங்குக்குப் போயி பயப்படுறீங்க?" என்று சிரித்தாள். இந்தச் சங்கு வர இத்தனை வருஷம் பிந்திவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் இப்போது நான்தான் ஆயா. அங்கே எழுதுகிற கொப்பியில் பின்தாளைக் கிழித்து உனக்கு எழுதுகிறேன்.

நம் தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டுக்கும் மலை என்றுதான் பேர். ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். பதினேழாம் நம்பர்தான் உச்சி. அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே நாலு முடி. அவற்றுக்கு நம்பரும் கிடையாது, பேரும் கிடையாது. துரையின் ஆபீஸ் சுவரில் தொங்கிய படத்திலும் பதினேழோடு கோடு நின்றுவிடும் என்று, அங்கே கூட்டப் போகிற உன் அம்மா சொன்னார். "கொழுந்து இல்லாத மலைய யாரு எண்ணப் போறா?" என்றாய் நீ.

அந்த வருஷம்தான் உங்கள் வீட்டின் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி வந்தது. உன் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "அக்கரைக்கே போயிருவோம்" என்று இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவரும் இந்த லயத்தில் பிறந்தவர்தான். போகிற ஊரை உங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. நீ அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் சொன்னாய்: "பொறந்து இருவது வருசமா இந்தக் குழிக்குள்ளயே கெடந்துட்டேன்டி. லயத்த விட்டா மலை, மலைய விட்டா லயம். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ மேல நின்னு முழுசாப் பாத்துரணும். இல்லாட்டி அங்க எந்த ஊருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

நாலு முடியையும் ஒரே நாளில் ஏறி இறங்குவது என்று ஒன்றரை மாதம் திட்டம் போட்டோம். பதினேழில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் உன் கண் மேலேயே இருக்கும். "ஏய், கொழுந்து கீழ இருக்கு, வானத்துல இல்ல" என்று கங்காணி கத்துவார். அதற்குப் பழி வாங்கத்தான் இரண்டாம் முடிக்குக் கங்காணி மூக்கு என்று பேர் வைத்தாய். முதலாவது கூடைமலை, மூன்றாவது மொட்டை. நாலாவதுக்கு மட்டும் வைக்கவில்லை. "மேல போயி அது மொகத்தப் பாத்துட்டு வைப்போம்" என்றாய். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தாளில் கரித்துண்டால் வழி வரைந்தோம். அட்டைக் கடிக்குச் சவுக்காரமும் உப்பும், ஆளுக்கு நாலு ரொட்டி, கட்டச் சம்பல். ஒவ்வொரு முடியிலும் கட்டுவதற்கு உன் பழைய சிவப்புச் சேலையில் நாலு துண்டு கிழித்து வைத்தாய்.

நம்மிடம் மணிக்கூடு ஏது? சங்குதான் மணி. காலைச் சங்குக்குக் கூடைமலை, மத்தியானச் சங்குக்கு மொட்டை, அந்திச் சங்குக்கு வீடு. மூட்டம் இறங்கினால் என்ன செய்வது? அதற்கு வழி சொன்ன கெட்டிக்காரி நான்தான். "மூட்டம் வந்தா நகரக் கூடாது, உக்காந்துரணும். சங்கு ஊதுற பக்கம்தானே நம்ம ஸ்டோரு. சத்தத்தப் புடிச்சே எறங்கிறலாம்." நீ என் தலையில் தட்டிச் சிரித்தாய். போகிற நாள் ஞாயிறு என்று முடிவாயிற்று, வேறு எந்த நாள் நமக்கு லீவு? ஞாயிற்றுக்கிழமை நம் ஸ்டோர் ஓடாது, சங்கும் ஊதாது என்பது அந்த ஒன்றரை மாதத்தில் இரண்டு கழுதைகளுக்கும் உறைக்கவேயில்லை. பிறந்ததிலிருந்து காதுக்குள்ளேயே கிடந்த சத்தம். இல்லாத நாளிலும் இருப்பதாகவே நினைத்துவிட்டோம்.

அந்த ஞாயிறு நான் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். "பொம்பளைங்களுக்குக் காட்டுல என்ன சோலி?" என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். விடியுமுன் நீ வந்து கதவைத் தட்டியது தெரியாமல் அசந்து தூங்கிவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னேன். நீ தனியாகப் போனாய்.

மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கியது. எதிர் லயம்கூடத் தெரியவில்லை. பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கேயோ மெல்லிசாக ஒரு சங்கு ஊதியது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அன்று லீவு நாளிலும் உடனே கொடுக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார்களாம், அவர்கள் ஸ்டோர் ஓடியிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நீ எந்தப் பக்கம் திரும்புவாய் என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஈரச் சேலையோடு உன் அப்பாவிடம் ஓடினேன். ஆண்கள் இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், "தேடப் போறவங்களுக்கு இன்னைக்குப் பேரு கெடையாது" என்றார் வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு. சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று போனார்கள். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துப் பாறையடியில் உன்னைக் கண்டார்கள். அந்தச் சங்கு கேட்ட திசைக்கே நேராக நடந்திருக்கிறாய், நான் சொன்னபடியே.

மூன்று முடியிலும் சிவப்புத் துண்டு கட்டியிருந்ததாம். நாலாவது உன் இடுப்பு மடியில் இருந்தது. உன் அம்மா அதை என் கையில் வைத்து, "நீ வெச்சுக்க ஆத்தா. தூங்கிட்டேன்னு மனசப் போட்டு அடிச்சுக்காத" என்றார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பதினேழாம் நம்பர் மலையோரத்தில் உன்னைப் புதைத்தோம். அடுத்த மாதம் உன் வீட்டார் தலவாக்கலையில் ரயில் ஏறினார்கள். அவர்கள் காகிதத்தில் உன் பேர் மேல் மட்டும் யாரோ மையால் கோடு அடித்திருந்தார்கள். போக மாட்டேன் என்று அழுதவள் நீ. நீ மட்டும் இங்கே இருக்கிறாய், உன் மேல் இப்போது தேயிலை நிற்கிறது. நாலாவது முடிக்கு இன்னும் பேர் இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று வருஷா வருஷம் நினைக்கிறேன். அந்தத் தைரியம் இருந்தால் அன்றைக்கே உன்னோடு வந்திருப்பேனே.

உனக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தூங்கவில்லை. மூன்று தடவை தட்டினாய், மூன்றும் கேட்டேன். இவர் மேல் பழி போட முடியாது, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குளிர், பயம், புதுப் பெண்டாட்டி என்கிற பவிசு, எல்லாம் சேர்ந்து என்னைக் கம்பளிக்குள் அமுக்கி வைத்தன. நீ கதவில் வாயை வைத்துச் சொன்னாய்: "தூங்குறியா? சரி, தூங்கு. அந்திச் சங்குக்கு வந்துருவேன்." சங்கு என்று நீ சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, இன்று ஞாயிறு என்று. வாயைத் திறந்தால் எழுந்து வரச் சொல்வாயே என்று பேசாமல் கிடந்தேன். உன் காலடி பீலிக்கரையைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

அன்றைக்குச் சொல்லாததைத் தினமும் சொல்கிறேன். பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது சொல்கிறேன், துணி அலசும்போது சொல்கிறேன். இன்று சங்கு ஊதிக்கொண்டிருந்தபோதே, சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தபடி அதையேதான் சொன்னேன்: "ஏய், நில்லு. இன்னைக்குச் சங்கு ஊதாதுடி."