குசினி யன்னலுக்கு எந்தப் பிளைண்ட்ஸ்?

நிஸ்றாட வாப்பா,

நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறேன். மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பத்து மணிக்குப் பிளைண்ட்ஸ் போடுகிறவர் குசினி யன்னலை அளக்க வருவார். நேற்று "முன்வீட்டு ஆக்கள் பாக்காங்க, முழுக்கக் கறுப்பாப் போட்டு மூடிருவம்" என்றீர்கள். குளித்துவிட்டுத் துவாயோடு அங்கே நின்று வாவி பார்ப்பது நீங்கள், பழி யன்னலுக்கா? கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கிற மாதிரி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். வெளிச்சமும் வரும், உங்கள் மானமும் தப்பும்.

நிஸ்றாட உம்மா

பி.கு: நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே தேத்தண்ணி எப்படிச் சுடச்சுட இருக்கிறது என்று கேட்பீர்களே? பாலத்தில் உங்கள் மோட்டார் சைக்கிளைக் கண்ட பிறகுதான் அடுப்பை மூட்டுகிறேன். அடுப்புக்குப் பக்கத்திலிருக்கிற அந்த யன்னலில்தான் பாலம் தெரியும். கறுப்புத்தான் வேண்டுமென்றால், ஆறிய தேத்தண்ணிக்கும் பழகிக்கொள்ளுங்கள்.